பழைய லூகர் கைத்துப்பாக்கி எங்கே பிறந்தது, யார் யார் கை பட்டது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேசைமேல் விரித்த பழைய துண்டில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அதன் சொந்தக்காரர், உரிமம் வைத்திருக்கும் ஒரு ஜெர்மன் பெரியவர், என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "இது எந்த வருஷத்தது?" நான் யோசிக்காமல் 1917 என்றேன். குண்டு உட்காரும் குழலறையின் மேல் அப்படித்தான் பொறித்திருந்தது. அவர் சிரிக்கவில்லை. "அது சரி. இந்தக் குழல் எந்த வருஷத்தது? இந்தப் பிடி? இந்தக் கறுப்பு நிறம்?" என்று அடுக்கினார். அன்று மாலை மூன்று மணி நேரம் அந்த ஒரு துப்பாக்கியோடு உட்கார்ந்தோம். எழுந்தபோது என்னிடம் ஐந்து வெவ்வேறு காலங்கள் இருந்தன.

பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்று வீட்டுப் பெட்டியிலோ ஏலப் பட்டியலிலோ அருங்காட்சியகத்திலோ கண்ணில் பட்டு, "இது எங்கே செய்தது? நடுவில் யாராவது மாற்றி அமைத்தார்களா?" என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரீச்ஸ்ரிவால்வர், மவுசர் சி96, வால்தர் பி38 என்று வகைகள் நிறைய. நான் லூகரை, அதாவது ஜெர்மன் ராணுவம் 1908-இல் ஏற்றுக்கொண்ட பி08-ஐ வைத்தே சொல்லப் போகிறேன். உடம்பில் இத்தனை எண்ணும் முத்திரையும் தாங்கிய கைத்துப்பாக்கி வேறொன்று கிடைப்பது அரிது. இதைப் படிக்கப் பழகினால் மற்றவற்றைப் படிப்பது சுலபம்.

தொடுவதற்கு முன்

முதலில் சட்டம். இந்தியாவில் இது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது, 9 மி.மீ. துளை தனியார் வைத்துக்கொள்ளக் கூடாத வகை. தாத்தா காலத்துப் பெட்டியில் ஒன்று கிடைத்தால் ஆராய்ச்சி அப்புறம், முதல் வேலை வழக்கறிஞரைப் பார்ப்பது. அமெரிக்காவில் 1898 வரை செய்யப்பட்டவையே சட்டப்படி பழம்பொருள், அதனால் நூறு வயது தாண்டிய பி08-கூட அந்தக் கணக்கில் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் செயலிழக்கச் செய்த துப்பாக்கிகளுக்கு 2016 முதல் பொதுவான விதிகள் இருக்கின்றன. அந்தச் செயலிழப்பு முத்திரையும் துப்பாக்கியின் வரலாற்றில் ஒரு பக்கம்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. மேகசினைக் கழற்றுங்கள், மேலே முழங்கை போல மடங்கும் டாகிளை இழுத்துத் திறங்கள், குழலறைக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலாலும் தொட்டுப் பாருங்கள். உள்ளே குண்டு இருந்தால், அதைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் சற்று மேலெழும்பி அதன் இடப்பக்கத்தில் 'கெலாடன்' என்ற சொல் தெரியும். 'நிரப்பப்பட்டுள்ளது' என்று பொருள். அதை மட்டும் நம்பி விடக் கூடாது. லூகரில் பலருக்குத் தெரியாத ஒரு ஆபத்தும் உண்டு. அடிக்கும் ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் தாழ்ப்பாள் மேல்பகுதியிலேயே இருக்கிறது. ஆகவே மேல்பகுதியைச் சட்டகத்திலிருந்து தனியே கழற்றி எடுத்த பிறகும், உள்ளே குண்டு இருந்து அந்தத் தாழ்ப்பாளில் விரல் அழுந்தினால் வெடிக்கும். கழற்றிவிட்டோமே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

மூன்றாவதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: தேய்க்காதீர்கள். நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பது நல்ல பழக்கம். அதே கையோடு ஒரு லூகரைத் தேய்த்தால் நூறு வருஷத்து எழுத்து பத்து நிமிஷத்தில் போய்விடும். மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும். உப்புத்தாள், உலோகப் பாலிஷ், துரு நீக்கும் அமிலம் எதுவும் வேண்டாம்.

கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பக்கவாட்டில் ஒளி பாய்ச்ச ஒரு சிறு டார்ச், ஒரு நோட்டு. இவ்வளவுதான் கருவி.

பிறந்த வீட்டைக் கண்டுபிடித்தல்

டாகிளின் முன் துண்டின் மேற்புறத்தைப் பாருங்கள். செய்தவரின் அடையாளம் அங்கே இருக்கும்.

மூன்று எழுத்துகள் கொடிபோல் பின்னிக்கொண்டு சுருள் எழுத்தில் இருந்தால் அது டி.டபிள்யூ.எம்., பெர்லின். கியார்க் லூகர் வேலை பார்த்த கம்பெனி. ஹியூகோ போர்ஷார்ட் 1893-இல் செய்த பெரிய, கனமான கைத்துப்பாக்கியை எடுத்து, அதன் டாகிள் முறையை வைத்துக்கொண்டு கைக்கு அடக்கமாக்கியவர் லூகர். முதலில் 1900-இல் ஏற்றுக்கொண்டது சுவிஸ் ராணுவம். 1904-இல் ஜெர்மன் கடற்படை, அப்புறம் 1908-இல் தரைப்படை.

கிரீடமும் அதன் கீழ் எர்ஃபுர்ட் என்ற பெயரும் இருந்தால் அது பிரஷ்ய அரசின் சொந்தத் தொழிற்சாலை. அங்கே ஆய்வாளர்கள் மிகச் சிறிய உதிரியையும் விடாமல் கிரீடத்தோடு ஓர் எழுத்தை அடித்திருப்பார்கள். எர்ஃபுர்ட் என்று மேலே இருந்து, சின்னப் பாகங்கள் எதிலும் அந்தக் கிரீடம் இல்லையென்றால் அந்தப் பாகங்கள் வேறிடத்திலிருந்து வந்தவை.

சிம்சன் என்று இருந்தால் சூல் நகரம், 1920-களின் நடுப்பகுதி முதல் 1930-களின் தொடக்கம் வரை. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேராகச் சுருக்கியபோது, அவர்களுக்குக் கைத்துப்பாக்கி செய்து தரும் ஒப்பந்தம் சிம்சனுக்குக் கிடைத்தது. போர்க்காலத்தில் மிஞ்சிய உதிரிகளையும் அவர்கள் பயன்படுத்தினார்கள், அதனால் சிம்சனில் பழைய ஆய்வு முத்திரை கொண்ட பாகத்தைப் பார்த்து உடனே 'கலப்பு' என்று முடிவு கட்டாதீர்கள். சிம்சன் ஒரு யூதக் குடும்பத்தின் நிறுவனம். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் மாகாணத் தலைவன் ஃபிரிட்ஸ் சாக்கெல் அதை அந்தக் குடும்பத்திடமிருந்து பறித்தான். அவர்கள் நாட்டை விட்டே போனார்கள். டாகிளில் அந்தப் பெயரைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இது நினைவுக்கு வரும். பெயரைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதுதான் நியாயம்.

டி.டபிள்யூ.எம்.மின் லூகர் எந்திரங்கள் 1930-இல் ஓபர்ன்டார்ஃபில் இருந்த மவுசருக்குப் போயின. அதன்பின் ராணுவத் துப்பாக்கியில் பெயரே போடவில்லை, ரகசியக் குறியீடுதான். 1934 முதல் எஸ்/42. பிறகு வெறும் 42. 1941-இல் பி-ஒய்-எஃப் என்ற மூன்று சிற்றெழுத்து. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. டாகிளின் மேல் உள்ள 42 என்பது ஆண்டு அல்ல, மவுசரின் குறியீடு. ஆண்டு குழலறையின் மேல்தான் இருக்கும். டாகிளில் பி-ஒய்-எஃப், குழலறையில் 42 என்று இருந்தால்தான் அது 1942. அதுபோல 1934-க்கும் 1935-க்கும் ஆண்டுக்குப் பதில் கே, ஜி என்று ஒற்றை எழுத்து போட்டார்கள். 1936 முதல் முழு ஆண்டு; 1941, 1942-இல் கடைசி இரண்டு இலக்கம். இரண்டு இடத்தையும் சேர்த்துப் படிக்காமல் வாய் திறக்கக் கூடாது.

நங்கூரமும் கிரீகாஃப் பெயரும் இருந்தால் விமானப் படைக்காகச் சூலில் செய்தது. அந்த ஒப்பந்தம் 10,000 துப்பாக்கிக்கு. குறைவாக இருப்பதால் விலை அதிகம், விலை அதிகம் என்பதால் போலியும் அதிகம்.

ஜெர்மனிக்கு வெளியே போனவற்றைக் குழலறைச் சின்னமும் பாதுகாப்புத் தாழ் அருகே உள்ள சொல்லும் காட்டிக்கொடுக்கும். கதிர் வீசும் சிலுவை சுவிஸ். விரித்த சிறகோடு அமெரிக்கக் கழுகு இருந்தால் அமெரிக்கச் சந்தைக்குப் போனது. 'கெசிஷர்ட்' (பூட்டப்பட்டது) என்ற ஜெர்மன் சொல்லுக்குப் பதில் 'ருஸ்ட்' என்றும் வளைந்த அம்பும் இருந்தால் டச்சு, பெரும்பாலும் இந்தோனேசியாவில் இருந்த அவர்களுடைய காலனிப் படை. எஸ்.ஏ. என்று சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் பின்லாந்து ராணுவம். பின்லாந்துக்காரர்கள் தேய்ந்த குழலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தங்கள் டிக்காகோஸ்கி ஆலைக் குழலைப் போட்டார்கள், அதில் 'டிக்கா' என்றே இருக்கும்.

எண்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும்.

முழு எண் மூன்று இடங்களில் இருக்கும்: சட்டகத்தின் முன்முகம், மேல்பகுதியின் இடப்பக்கம், குழலின் அடிப்பக்கம். ராணுவத் துப்பாக்கியில் கடைசி இரண்டு இலக்கங்கள் டாகிள் துண்டுகள், பக்கத் தகடு, கழற்றும் நெம்பு, விசை, பாதுகாப்புத் தாழ், எக்ஸ்ட்ராக்டர், அடிக்கும் ஊசி என்று ஒவ்வொன்றிலும். மரப் பிடிகளின் உட்பக்கத்தில்கூட இருக்கும். தனியார் விற்பனைக்குச் செய்தவற்றில் சின்னப் பாகங்களின் எண்ணைக் கண்ணில் படாத பக்கத்தில் மறைத்து அடித்தார்கள். ஆகவே வெளியே எண் இல்லை என்றதும் அழித்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். கழற்றிப் பார்த்தபின் சொல்லுங்கள்.

ராணுவ வரிசையில் எண் நான்கு இலக்கத்தைத் தாண்டாது. தீர்ந்ததும் மறுபடி 1, கூடவே 'ஏ' என்ற சிற்றெழுத்து. அதுவும் தீர்ந்தால் 'பி'. புது ஆண்டு பிறந்தால் எல்லாம் முதலிலிருந்து. அப்படியானால் 4321 என்று ஒருவர் எழுதி அனுப்பினால் அதிலிருந்து எதுவும் தெரியாது. ஒரே ஆலை, ஒரே ஆண்டு, ஒரே 4321, பல எழுத்து. தயாரிப்பாளர், ஆண்டு, எண், எழுத்து நான்கும் சேர்ந்தால்தான் அது ஒரு துப்பாக்கியின் பெயர். எழுத்து சட்டகத்தின் முன்முகத்தில் எண்ணுக்கு அடியில் இருக்கும், எழுதும்போது அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

எண்ணின் வலிமை கல்கத்தாவில் நன்றாகவே தெரிந்தது. 1914 ஆகஸ்டில் ரோடா என்ற ஆயுத வியாபாரக் கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் கடத்தினார்கள். ஒவ்வொன்றின் ஆலை எண்ணும் கம்பெனியிடம் குறிக்கப்பட்டிருந்ததால், பின்னால் ஒவ்வொன்றாகப் பிடிபட்டபோது இது அந்த ஐம்பதில் ஒன்று என்று போலீஸ் அடையாளம் காண முடிந்தது.

சரி, எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால்? ஒன்றிரண்டு பாகம் மட்டும் வேறு எண் என்றால் படைப்பிரிவில் உடைந்ததை மாற்றியிருக்கலாம், அல்லது பத்துப் பேர் ஒரே மேசையில் துப்பாக்கி கழற்றித் துடைத்தபோது மாறியிருக்கலாம். பாதிக்குமேல் வேறு என்றால் பிற்காலத்தில் உதிரிகளிலிருந்து சேர்த்தது. ஆனால் பழைய எண்ணின் மேல் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் புது எண்ணைப் பொறித்திருந்தால் நிறுத்துங்கள், அது ஒரு பட்டறையின் ஒப்புதல். ராணுவ, போலீஸ் பட்டறைகள் இப்படித்தான் வெளிப்படையாக வேலை செய்தன.

அந்தப் பெரியவரின் துப்பாக்கியில் கழற்றும் நெம்பு அப்படித்தான் இருந்தது. லென்ஸில் பார்த்தால் 63 என்ற எண், அதன் குறுக்கே ஒரு கோடு, இறுக்கி ஒட்டினாற்போல 27. சட்டகத்தின் எண் 27-இல் முடிகிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது 63-இன் ஓரங்கள் மழுங்கி, 27-இன் ஓரங்களில் உலோகம் மெல்லிய வரப்பு போல எழும்பி நின்றது. உளி இறங்கும்போது விலகிய உலோகம் அது. வரப்பு இருந்தால் அந்த இடத்தை அதற்குப் பின் யாரும் தேய்க்கவில்லை. 63-க்கு வரப்பு இல்லை, 27-க்கு இருக்கிறது என்றால் தேய்ப்பு இரண்டுக்கும் நடுவில் நடந்திருக்கிறது. எது முன், எது பின் என்று நான் முதன்முதலாக என் கண்ணால் படித்தது அந்த அரை சென்டிமீட்டரில்தான்.

குழலுக்கும் மேல்பகுதிக்கும் இடையே அடிப்பக்கம் ஒரு சின்னக் கோடு இருக்கும், இரண்டையும் சேர்த்து இழுத்தது. கோடு நேராக ஓடினால் குழல் அங்கேயே பிறந்தது. விலகியிருந்தால், அல்லது ஒரு பக்கம் இரண்டு கோடு இருந்தால், குழல் மாறியிருக்கிறது. ராணுவக் குழல்களில் எண்ணுக்குப் பக்கத்தில் 8,83 போல ஒரு சிறு எண்ணும் இருக்கும். அது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். புள்ளிக்குப் பதில் கால்புள்ளி போடுவது ஜெர்மன் வழக்கம்.

முத்திரைகள்

மேல்பகுதியின் வலப்பக்கத்தில் வரிசையாக இருப்பவை ஆய்வு முத்திரைகள். கிரீடமும் அதன்கீழ் பழைய ஜெர்மன் எழுத்தும் என்றால் பேரரசர் காலம். கழுகும் அதன்கீழ் எண்ணும் என்றால் பிற்காலம்: சிம்சனுக்குக் கழுகு 6, கிரீகாஃபுக்குக் கழுகு 2, மவுசருக்கு ஏறக்குறைய 1939 வரை 63, பிறகு 655, 1941 முதல் 135. எண்ணும் ஆண்டும் பொருந்த வேண்டும். 1937 என்று பொறித்த மவுசரில் 135 இருந்தால் கேள்வி கேளுங்கள்.

தனியார் விற்பனைக்கு கிரீடமும் 'என்' எழுத்தும். 1940-இலிருந்து கிரீடம் போய்க் கழுகும் 'என்'னும். ராணுவ முத்திரையும் கிரீட 'என்'னும் ஒரே துப்பாக்கியில் இருந்தால் பெரும்பாலும் அது ராணுவத்தில் இருந்து, பிறகு சிவில் சந்தைக்கு வந்து மறுபடி சோதிக்கப்பட்டது.

பிடியின் முன்பட்டை, பின்பட்டை இரண்டையும் தவறாமல் பாருங்கள். பேரரசர் காலப் படைப்பிரிவுக் குறி பின்பட்டையில் இருக்கும். உதாரணமாக 85. ஆர். 3. 47. என்றிருந்தால் 85-ஆம் காலாட்படை ரெஜிமென்ட், 3-ஆம் கம்பெனி, 47-ஆம் ஆயுதம். முன்பட்டையில் இருப்பது பெரும்பாலும் போலீஸ். எஸ். என்று தொடங்கினால் ஷூட்ஸ்போலிசாய், சீருடைப் போலீஸ். அடுத்த எழுத்து ஊர் அல்லது மாவட்டம். இங்கே ஒரு மோசடி நடக்கிறது. எஸ். டி. என்ற குறியை விற்பனையாளர்கள் எஸ்.எஸ். உளவுப்படையின் சுருக்கம் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். முன்பட்டையில் எஸ். டி. என்றால் டுசல்டார்ஃப் சீருடைப் போலீஸ். தெருவில் ரோந்து போன ஒரு காவலரின் இடுப்பில் தொங்கியது. அதற்குமேல் கதை கட்ட வேண்டாம்.

பட்டறைக்குப் போய் வந்த அடையாளங்கள்

லூகர் வாழ்நாளில் பட்டறைக்குப் போகாதது குறைவு. மிகப் பழையவற்றில் கடைசிக் குண்டுக்குப் பின் டாகிளைத் திறந்தே நிறுத்தும் உறுப்பு கிடையாது. பின்னால் திரும்ப அழைத்துச் சேர்த்தார்கள். சட்டகத்தின் வலப்பக்கம் தெரியும் ஒரு சிறு ஊசிமுனைதான் அந்த வேலைக்கு அத்தாட்சி.

குழலறையில் இரண்டு ஆண்டு இருந்தால், 1917-க்கு மேல் 1920 என்பதுபோல, அது அச்சுப் பிழை அல்ல. போரில் தோற்ற ஜெர்மனியில் லட்சக்கணக்கான துப்பாக்கிகள் கை மாறிக்கொண்டிருந்தன. 1920 ஆகஸ்டில் பொதுமக்களிடமிருந்து ஆயுதம் களையும் சட்டம் வந்தது. அரசின் கையில் இருந்தவை திருட்டுப்போய்க் கலந்துவிடாமல் இருக்க 1920 என்ற அடையாளத்தைப் பொறித்தார்கள். செய்த ஆண்டு 1917-தான், 1920 உடைமைக் குறி.

அதே காலத்தின் இன்னொரு வேலை, பீரங்கிப் படைக்காகச் செய்த 200 மி.மீ. நீளக் குழலைக் கழற்றி 100 மி.மீ. குழலைப் போட்டது. நீளக் குழலின் மேல் இருந்த பெரிய குறிபார்க்கும் பட்டைக்காக மேல்பகுதியிலும் சட்டகத்திலும் முன்னால் சிறிய வெட்டு இருக்கும். குட்டைக் குழல், ஆனால் அந்த வெட்டு இருக்கிறது என்றால் இந்தக் கதையாக இருக்கலாம். மிச்சமிருந்த வெட்டுள்ள சட்டகங்களைச் சாதாரணத் துப்பாக்கிக்கும் போட்டிருக்கிறார்கள் என்பதால் குழலின் எண்ணையும் கோட்டையும் பார்த்த பிறகே சொல்லுங்கள். தலைகீழாக, சாதாரண லூகரில் நீளக் குழல் மாட்டிப் பீரங்கிப்படை மாதிரி என்று விற்பதும் உண்டு. அங்கே வெட்டு இருக்காது.

போலீஸ் கைக்குப் போனவற்றில் 1930-களின் தொடக்கத்தில் இரண்டு பாதுகாப்பு உறுப்புகளைச் சேர்த்தார்கள். ஒன்று, பக்கத் தகட்டைக் கழற்றியதும் ஊசியின் தாழ்ப்பாளைப் பூட்டிவிடும் ஒரு மெல்லிய எஃகுப் பட்டை. நான் முன்னால் எச்சரித்த அதே ஆபத்துக்கான மருந்து. எத்தனை விரல் போனபின் இதை யோசித்தார்களோ. இன்னொன்று மேகசின் இல்லாவிட்டால் சுட முடியாதபடி செய்வது. அது இடப்பக்கப் பிடிக்கு அடியில் இருக்கும். பிற்காலத்தில் பலர் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். துளை மட்டும் மிஞ்சும். துளையும் சாட்சிதான்.

நிறம்

புதியவர்கள் கடைசியாகப் பார்ப்பதும், அதிகம் பேசுவதும் நிறம்தான்.

பழைய லூகர்களில் துருவை மெல்ல வளர்த்துத் தேய்த்து, மறுபடி வளர்த்து எடுக்கும் நீலம். வெளிப்பக்கம் மட்டும் நீலமாக இருக்கும். உள்ளே, மேகசின் நுழையும் குழியில், உலோகம் வெளுப்பாகவே விட்டிருப்பார்கள். விசை, பாதுகாப்புத் தாழ், கழற்றும் நெம்பு, மேகசின் பொத்தான் போன்றவை சூடாக்கி எடுத்த வைக்கோல் நிறம். பழைய வைக்கோல் நிறம் மங்கிய பொன் மாதிரி இருக்கும். நேற்றுப் போட்டது எலுமிச்சைத் தோல் மாதிரி மின்னும். 1937 வாக்கில் மவுசர் கொதிக்கும் உப்புக் கரைசலில் முக்கி எடுக்கும் முறைக்கு மாறியது. அதில் உள், வெளி, சின்னப் பாகம் எல்லாம் ஒரே கருநீலம்.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டி.டபிள்யூ.எம். 1917 துப்பாக்கியின் உட்குழியும் கறுப்பாக இருந்தால் யாரோ மொத்தமாக முக்கி எடுத்திருக்கிறார்கள். துருக் குழிகளுக்குள்ளும் நீலம் படிந்திருந்தால் துரு முதலில், நீலம் அப்புறம். கிரீடத்தின் முனைகள் கரைந்து, தட்டையான பக்கங்கள் வழிந்து, திருகாணித் துளையைச் சுற்றிச் சின்னப் பள்ளம் விழுந்திருந்தால் பஃப் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்த பிறகு பூசியது.

மறுபூச்சு எல்லாமே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. யார் பூசினார்கள் என்பதே கேள்வி. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றிய லூகர்கள் அவர்கள் கிடங்குகளில் கழற்றி, முக்கி எடுத்து, கைக்கு வந்த பாகங்களோடு சேர்க்கப்பட்டன. வைக்கோல் நிறம் போய்விடும், இடப்பக்கத்தில் எக்ஸ் குறி இருக்கலாம், பொருந்தாத பாகங்களிலும் மேகசினிலும் மின்சாரப் பேனாவால் புது எண்ணைக் கிறுக்கியிருப்பார்கள். கிழக்கு ஜெர்மனியின் மக்கள் போலீசும் பழைய லூகர்களைப் புதுப்பித்துப் பயன்படுத்தியது. நடுவே வட்டத்துக்குள் வட்டம் கொண்ட பிளாஸ்டிக் பிடி, அடர்ந்த நீலம், 2/1001 என்று பொறித்த மேகசின், இவை அவர்களுடைய கை. இவற்றை 'கெட்டுப்போன லூகர்' என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோற்ற நாட்டில், வென்ற நாட்டில், பிரிந்த நாட்டில் அந்தப் பொருள் எப்படிப் பிழைத்தது என்பதை இவைதான் சொல்கின்றன. அதை மறுபடி 1917 போலத் தோற்றம் கொடுக்க வைக்கோல் நிறம் பூசி, புது மரப்பிடி மாட்டி விற்பவர்தான் வரலாற்றைக் கெடுக்கிறார்.

பி38-இலும் இதே கண் உதவும். ஏ-சி என்றால் வால்தர், பி-ஒய்-எஃப் என்றால் மவுசர், சி-ஒய்-க்யூ என்றால் ஷ்ப்ரேவெர்க். எஸ்-வி-டபிள்யூ குறியும் சாம்பல் நிறப் பூச்சும் ஐந்துமுனை நட்சத்திரமும் இருந்தால், போர் முடிந்து ஓபர்ன்டார்ஃப் ஆலை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது சேர்த்தது.

விற்பனைப் பெயர்கள்

கறுப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட 1941, 1942 மவுசர்களை 'பிளாக் விடோ' என்று விற்பார்கள். ஜெர்மன் ராணுவத்தில் அப்படி ஒரு பெயர் கிடையாது, அமெரிக்க வியாபாரி ஒருவர் சூட்டியது. மண்டை ஓடு, மின்னல் எழுத்து, தளபதியின் பெயர் என்று எதைப் பொறித்திருந்தாலும் முதலில் வரப்பைப் பாருங்கள். நூறு வருஷ நீலத்தைக் கிழித்துக்கொண்டு பளிச்சென்று நிற்கும் முத்திரை நேற்றையது.

மேகசினையும் தனியாகப் படியுங்கள். பழையதற்கு மர அடி, பிறகு அலுமினிய அடி, போர்க்காலத்தில் எஃப்-எக்ஸ்-ஓ குறியோடு பிளாஸ்டிக் அடி. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இரண்டு கொடுத்தார்கள். அடியில் துப்பாக்கியின் எண், இரண்டாவதற்குக் கூட்டல் குறி. இரண்டும் சரியான எண்ணோடு சேர்ந்திருப்பது அபூர்வம்.

எழுதி வைப்பது

இப்போது நோட்டை எடுத்துக் கண்டதை எல்லாம் காலவரிசையில் எழுதுங்கள், இடவரிசையில் அல்ல. பெரியவரின் துப்பாக்கிக்கு நாங்கள் எழுதியது இது. 1917: டி.டபிள்யூ.எம்., பெர்லின், கிரீட முத்திரைகள் வலப்பக்கம். 1920: இரண்டாவது ஆண்டு பொறித்தது, அரசு உடைமை. 1920-களிலோ 1930-களிலோ: குழல் மாற்றம், கோடு விலகியிருக்கிறது, நெம்பில் 63-இன் மேல் கோடு போட்டு 27. 1932-ஐ ஒட்டி: முன்பட்டையில் எஸ். டி., டுசல்டார்ஃப் போலீஸ். பாதுகாப்புப் பட்டை சேர்த்தது, இப்போது துளை மட்டும். 1945-க்குப் பின்: கிழக்கு ஜெர்மனிப் பிடி, முழு முக்கு நீலம், 2/1001 மேகசின். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தப் பாகத்தில் எதைப் பார்த்தோம் என்றும், கண்ணால் பார்த்ததா நாமாக ஊகித்ததா என்றும் தனியே குறித்தோம். குழல் மாறியது பார்த்தது. அதை மாற்றியது போலீஸ் பட்டறை என்பது ஊகம்.

ஒவ்வொரு முத்திரையையும் படம் எடுங்கள், ஒளி ஒரு தடவை இடமிருந்தும் ஒரு தடவை வலமிருந்தும் விழட்டும். நேரே ஃபிளாஷ் அடித்தால் வரப்பு தெரியாது. எண்ணின் எழுத்து உருவையும் சேர்த்துப் பெரிதாக எடுங்கள், நாளை இன்னொரு 1917-ஐப் பார்க்கும்போது ஒப்பிட அதுதான் உதவும்.

எழுதிய தாளைத் துப்பாக்கியோடு அதே பெட்டியில் வையுங்கள். ஆனால் பிடியில் டேப் போட்டு ஒட்டாதீர்கள், தோல் உறைக்குள்ளும் வைத்து மூடாதீர்கள். டேப்பின் பசை மரத்தின் எண்ணெய்ப்பூச்சை உரித்துவிடும். பதப்படுத்திய தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறைக்குள் பத்து வருஷம் கிடந்த துப்பாக்கியில் துரு பிடிப்பது, நாம் இவ்வளவு நேரம் படித்த அந்தக் கிரீடங்களின் மேலும்தான்.